கேஷும் காசும் ஒரே சொல்தானா?

"கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணி எல்லாம் ஆங்கிலத்துக்குப் போன மாதிரி நம் காசுதானே அங்கே போய் கேஷ் ஆனது?" அடிக்கடி வரும் கேள்வி இது. நேரடியான பதில்: கடையில் "கேஷா, கார்டா?" என்று கேட்கிறார்களே, அந்த கேஷ் காசிலிருந்து வரவில்லை. அது ஒரு பெட்டியின் பெயர். ஆனால் ஆங்கிலத்தில் சில்லறை நாணயத்தைக் குறிக்கும் இன்னொரு கேஷும் உண்டு. எழுத்தும் உச்சரிப்பும் அதேதான். அந்த கேஷ் நம் காசேதான். பெரிய ஆங்கில அகராதிகள் இரண்டையும் தனித்தனிச் சொற்களாகவே பதிகின்றன. நாம் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

முதலில் கடையில் புழங்கும் கேஷைப் பார்ப்போம். லத்தீனில் 'கப்ஸா' என்று ஒரு சொல். (நம்மூர் கப்சா இல்லை.) ரோமானியர்கள் சுருட்டிய ஏடுகளை நிறுத்தி வைத்து எடுத்துப்போகும் உருளை வடிவப் பெட்டிக்கு அந்தப் பெயர். 'எடுத்துக்கொள், உள்ளே கொள்' என்ற பொருளுடைய வினையிலிருந்து பிறந்தது. லத்தீனின் 'ப்ஸ்' இத்தாலியத்தில் 'ஸ்ஸ்' ஆகும் என்பது விதி. ஜிப்ஸும் என்பது ஜெஸ்ஸோ ஆனது போல, கப்ஸா 'காஸ்ஸா' ஆயிற்று. பெட்டி என்ற பொருள் அப்படியே நின்றது. வணிகர்களும் வட்டிக்கடைக்காரர்களும் பணம் வைத்த பெட்டியையும் காஸ்ஸா என்றார்கள்.

பிரெஞ்சில் இது இரண்டு உருவத்தில் கிடைக்கிறது. பாரிஸ் வட்டாரப் பிரெஞ்சில் லத்தீனின் 'க' ஓசை, அகரத்துக்கு முன்னால் வந்தால் 'ஷ' ஆகிவிடும். அந்த விதிப்படி வந்தது 'ஷாஸ்'. புனிதர்களின் எலும்பு போன்ற திருப்பொருட்களை வைக்கும் பேழைக்கு அந்தப் பெயர். இன்னொன்று 'கேஸ்'. இதில் 'க' மாறவேயில்லை. ஆகவே இது பாரிஸில் வளர்ந்த சொல் இல்லை, தெற்கே பிராவன்ஸிலிருந்தோ இத்தாலியிலிருந்தோ வணிகர்களோடு வந்தது என்று சொல்லாராய்ச்சியாளர்கள் முடிவு செய்கிறார்கள். பணப்பெட்டி என்ற பொருளோடு இந்த இரண்டாவது உருவம்தான் 1590களில் ஆங்கிலத்துக்குள் வந்து கேஷ் ஆனது. மூக்குக்கண்ணாடி கேஸ், சூட்கேஸ் என்கிறோமே, அந்த 'கேஸ்' அதே கப்ஸாவிலிருந்து நார்மன் பிரெஞ்சு வழியாக முன்னமே வந்துவிட்ட அண்ணன். மாத்திரைக் கேப்ஸ்யூலும் பாட்டுக் கேசட்டும் அந்த வீட்டுப் பிள்ளைகளே. கேப்ஸ்யூல் என்றால் குட்டிப் பெட்டி. கோர்ட்டில் நடக்கும் கேஸ் மட்டும் வேறு வீடு; அது 'விழுதல்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

1598இல் ஜான் ஃபுளோரியோ வெளியிட்ட இத்தாலிய–ஆங்கில அகராதியில் காஸ்ஸா என்ற சொல்லுக்கு, பெட்டி முதலான பொருள்களோடு 'வணிகனின் கேஷ்' என்றும் பொருள் தரப்பட்டிருக்கிறது. அதாவது அப்போது கேஷ் என்றால் பணம் வைக்கும் இடம். 'கையிலிருக்கும் பணம்' என்ற பொருளும் அதே காலத்தில் தலைகாட்டுகிறது. சுமார் 200 ஆண்டுகள் இரண்டும் சேர்ந்தே புழங்கின. 18ஆம் நூற்றாண்டில் பெட்டிப் பொருள் ஆங்கிலத்தில் செத்துவிட்டது, உள்ளே இருந்த பணம் மட்டும் மிஞ்சியது. பிறகு பெட்டிக்குத் தனியாகப் பெயர் வேண்டியிருந்ததால் 'கேஷ் பாக்ஸ்' என்றார்கள். சொற்பிறப்புப்படி பார்த்தால் பெட்டிப்பெட்டி. நம்மூர் 'நடு சென்டர்' மாதிரி.

மற்ற மொழிகள் பெட்டியைக் கைவிடவில்லை. ஜெர்மன்காரர் 'கஸ்ஸே' என்றால் கடையில் பணம் கட்டும் இடம். ரஷ்யாவில் 'காஸ்ஸா' என்று பலகை தொங்கினால் அது டிக்கெட் கவுண்டர். பிரெஞ்சிலும் இத்தாலியத்திலும் இன்றைக்கும் பெட்டிதான். கைப்பணத்துக்கு இத்தாலியர் 'கொந்தாந்தி' என்று வேறு சொல் வைத்திருக்கிறார்கள், எண்ணிக் கொடுப்பது என்று பொருள்.

பெட்டி எப்படிப் பணமாகும் என்று வியக்க வேண்டியதில்லை. நம் கல்லா அப்படித்தான் ஆனது. கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார் என்றால் பெட்டியடி. "கல்லா கட்டிவிட்டது" என்றால் பணம். ஒரே சொல், ஒரே தெரு, இரண்டு பொருள். கொள்கலத்தின் பெயர் கொண்டதற்கு ஆகிவருவதை இடவாகுபெயர் என்று நம் இலக்கணம் எப்போதோ வகைப்படுத்திவிட்டது. 'பாலை இறக்கு' என்று பால் பாத்திரத்தைச் சொல்வது தானியாகுபெயர் என்றால், கேஷில் நடந்தது அதன் தலைகீழ். 'நாலு தட்டு சாப்பிட்டான்' என்பது போல, இடத்தின் பெயர் பொருளுக்கு ஆவது.  

ஆனால் கேஷ் விஷயத்தில் இந்த மாற்றம் எங்கே நடந்தது என்று ஓரளவு கையை வைத்தே காட்டலாம். கணக்குப் புத்தகத்தில். 1494இல் வெனிஸில் லூகா பச்சோலி வெளியிட்ட கணித நூலில் இரட்டைப் பதிவுக் கணக்கு முறை விளக்கப்பட்டிருக்கிறது. நாளேட்டில் முதல் பதிவை எப்படி எழுதுவது என்று அவர் காட்டும் மாதிரி 'பெர் காஸ்ஸா' என்று தொடங்கும். பிறகு இரண்டு சாய்கோடுகள். அப்புறம் 'ஆ' போட்டு முதலீட்டுக் கணக்கின் பெயர். 'பெர்' என்றால் பற்று, 'ஆ' என்றால் வரவு. இன்று ஆடிட்டர் ஆபீஸில் "கேஷ் டெபிட், கேபிடல் கிரெடிட்" என்று போடுகிறோமே, அதேதான். இந்தப் பதிவில் பெட்டியை ஓர் ஆள் போல நடத்துகிறார்கள்: பெட்டி வாங்கிக்கொண்டது, ஆகவே பெட்டி கடன்பட்டிருக்கிறது. நாள்தோறும் பத்துப் பக்கம் இப்படி எழுதுகிறவனுக்கு 'காஸ்ஸாவில் 300' என்பது மரப்பெட்டியாகத் தோன்றாது, 300 என்ற தொகையாகத்தான் தோன்றும். இந்தக் கணக்கு முறை வடக்கே பரவியபோது சொல்லும் கூடவே போனது.

பச்சோலி சொல்லும் இன்னொரு விதி இன்றும் உயிரோடு இருக்கிறது. காஸ்ஸா கணக்கில் எப்போதும் பற்று இருப்புதான் இருக்கவேண்டும். வரவு இருப்பு வந்தால் புத்தகத்தில் பிழை. ஏன்? பெட்டியில் 500 இருந்தால் 500தான் எடுக்க முடியும், 501 எடுக்க முடியாது. பேங்க் கணக்கு மைனஸில் போகலாம், கேஷ் கணக்கு போகவே முடியாது. கணக்கு மென்பொருளில் கேஷ் இருப்பு மைனஸ் காட்டினால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: பேங்கிலிருந்து எடுத்துப் பெட்டியில் போட்டதைப் பதியவில்லை, செலவுக்குப் பிந்திய தேதிக்குப் பதில் முந்திய தேதி விழுந்திருக்கிறது, முதலாளி தன் சட்டைப்பையிலிருந்து கொடுத்ததைக் கடைப் பெட்டியிலிருந்து போனதாக எழுதியிருக்கிறார்கள். ஆங்கிலப் பேச்சில் செத்துப்போன அந்தப் பெட்டி, கணக்கு விதிக்குள் இப்படி மறைந்து வாழ்கிறது.

இனி, இந்த கேஷ் காசிலிருந்து வந்திருக்க முடியாது என்பதற்கு ஆதாரம். ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்று பார்க்க ஓசை ஒற்றுமை கடைசிச் சாட்சிதான். முதலில் தேதி பார்க்கவேண்டும், அப்புறம் வழி. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியது 1498. பச்சோலியின் நூல் அதற்கு 4 ஆண்டு முன்பே அச்சாகிவிட்டது. இத்தாலிய வணிகர்கள் காஸ்ஸா கணக்கு எழுதியது அதற்கும் வெகு முன்பு. கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பட்டயம் கிடைத்தது 1600இன் கடைசி நாள், சென்னையில் அவர்கள் கால் வைத்தது 1639. லண்டனில் கேஷ் புழங்கத் தொடங்கியபோது தமிழ் பேசும் ஊரில் ஆங்கிலேயருக்கு ஒரு குடிசைகூட இல்லை. பொருளும் ஒத்துவரவில்லை: காசு பெட்டியாக இருந்ததே இல்லை, கேஷோ பெட்டியாகத்தான் தொடங்கியது.

இப்போது நம்முடைய கேஷ். போர்த்துகீசியர் தென்னிந்தியக் கடற்கரையில் சில்லறை நாணயத்தைக் காசு என்று சொல்லக் கேட்டார்கள். அவர்கள் எழுத்தில் அது 'கைஷா' ஆனது. காசு எப்படிக் கைஷா ஆகும் என்றால், போர்த்துகீசிய மொழியில் கைஷா என்று ஏற்கெனவே ஒரு சொல் இருந்தது. பெட்டி என்று பொருள், அதே கப்ஸாவின் வழிவந்தது! புதிதாகக் கேட்ட ஓசை வாயில் பழகிய சொல்லின் அச்சில் போய் விழுந்திருக்கிறது. பிறகு ஆங்கிலேயரும் அதே தவறை அதே இடத்தில் செய்தார்கள்: கைஷாவைத் தங்களுக்குத் தெரிந்த கேஷின் எழுத்தில் எழுதினார்கள். பெட்டியும் காசும் உடன்பிறப்பு இல்லை, ஆனால் இரண்டு மொழிகளில் இரண்டு முறை ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டன. குழப்பத்துக்கு நம்மை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

இந்தச் சொல் கப்பலேறி வெகுதூரம் போனது. ஜாவாவில் புழங்கிய மலிவான ஓட்டைக் காசுகளையும், சீனாவின் நடுவில் சதுர ஓட்டை போட்ட செம்பு நாணயங்களையும் ஐரோப்பியர் கேஷ் என்றே அழைத்தார்கள். சீனர் அதை அப்படிச் சொல்லவே இல்லை. அவர்கள் மொழியில் அது வேறு. ஆனாலும் உலகெங்கும் நாணயம் சேர்ப்பவர்கள் இன்றும் சீன, வியட்நாம் ஓட்டை நாணயங்களை 'கேஷ்' என்றுதான் பட்டியலிடுகிறார்கள். ஹாங்காங் ஏலக்கடையில் ஒலிக்கும் அந்தச் சொல் தமிழ்ச் சொல். 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்ற ஆங்கில–இந்தியச் சொற்களஞ்சியம், தமிழ்க் காசு வழியாகப் போர்த்துகீசியக் கைஷா, அதன் வழியாக கேஷ் என்று இந்தத் தடத்தைப் பதிவு செய்திருக்கிறது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர்.

சென்னையில் கம்பெனிக் கணக்கு மூன்று பத்திகளில் ஓடியது: வராகன், பணம், காசு. ஆங்கிலத்தில் பகோடா, ஃபனம், கேஷ். 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். ஆக ஒரு வராகனுக்கு 3,360 காசு. கூட்டிப் பார்த்தால்தான் இதன் சிரமம் புரியும். 17 வராகன் 35 பணம் 60 காசோடு 4 வராகன் 12 பணம் 45 காசு சேர்க்கவேண்டும். காசு 105, அதில் 80ஐ எடுத்தால் ஒரு பணம் மேலே போகிறது, 25 நிற்கிறது. பணம் 35, 12, மேலே வந்த 1, மொத்தம் 48. 42ஐ எடுத்தால் ஒரு வராகன், மீதி 6. விடை 22 வராகன் 6 பணம் 25 காசு. ஒரு பத்தியில் 80ஆல், அடுத்த பத்தியில் 42ஆல் வகுக்கவேண்டும். கை தவறி இரண்டையும் மாற்றினால் நாள் கணக்கே கெட்டுவிடும். இதே புத்தகத்தில் பெட்டியிருப்புக்கும் கேஷ் என்றுதான் தலைப்பு. இத்தாலியப் பெட்டியும் தமிழ்க் காசும் ஒரே பக்கத்தில், ஒரே எழுத்தில். பழைய கம்பெனி ஆவணம் படிக்கிறவர்கள் பத்தித் தலைப்பில் இருந்தால் நாணயம், கணக்கின் பெயராக இருந்தால் கையிருப்பு என்று பிரித்துக்கொள்ளவேண்டும். 1818இல் ரூபாய் முதன்மை நாணயமானது. ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று மாற்று விகிதம் வைத்தார்கள்.

1803இலும் 1808இலும் கம்பெனி சென்னைக்காக இங்கிலாந்தில் செம்புக் காசு அடித்தது. 20 காசு நாணயத்தைக் கையில் எடுத்தால் ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம், கீழே ஆண்டு. மறுபக்கம் பாரசீக எழுத்தில் 'இருபது காஸ் நான்கு ஃபுலூஸ்' என்ற வாசகம் (ஃபுலூஸ் என்பதும் செம்புச் சில்லறைதான்), அதனடியில் ரோமன் எண்ணில் இருபதும் 'கேஷ்' என்ற சொல்லும். தமிழ்ச் சொல் பாரசீக எழுத்திலும் ரோமன் எழுத்திலும் பொறிக்கப்பட்டு பர்மிங்ஹாம் பட்டறையிலிருந்து வருகிறது, தமிழ் எழுத்து மட்டும் இல்லை. இந்தக் காசுகளை டன் கணக்கில் ஏற்றிவந்த அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809 ஜனவரியில் கென்ட் கரையோரம் குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. 1980களில் முக்குளிப்பவர்கள் அள்ளி எடுத்தார்கள். இன்று நாணயச் சந்தையில் பளபளப்புக் குறையாத 1808ஆம் ஆண்டுக் காசு கிடைத்தால் பெரும்பாலும் அந்தக் கப்பல் சரக்குதான். இந்தியாவில் புழங்கியது தேய்ந்திருக்கும், கடலில் கிடந்தது உப்பு அரித்துப் புள்ளிபுள்ளியாக இருக்கும் அல்லது குவியலின் நடுவில் ஒட்டிக்கிடந்ததால் புதிதாகவே இருக்கும்.

திருவிதாங்கூரில் காசு இன்னும் நெடுநாள் வாழ்ந்தது. அங்கே 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். ஆக ரூபாய்க்கு 448 காசு. 1949 வரை இது நடந்தது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அப்போது திருவிதாங்கூரில் இருந்ததால், நாகர்கோவில் பக்கத்துப் பழைய பெட்டிகளில் இந்தச் சின்னச் செம்புக் காசுகள் இன்றும் அகப்படும்.

காசின் சொந்தப் பொருளும் சும்மா இருக்கவில்லை. குறுந்தொகை 67ஆம் பாட்டில் அள்ளூர் நன்முல்லையார், கிளி தன் வளைந்த அலகில் பிடித்திருக்கும் வேப்பம்பழத்தை 'பொலங்கல ஒருகாசு' என்கிறார்: புது நூல் கோப்பவர் நகநுனியில் பிடித்த பொன்நகையின் ஒரு காசு. வேப்பம்பழம் தட்டையாகவா இருக்கிறது? ஆகவே அங்கே காசு என்பது நாணயம் அல்ல, நீள்உருண்டையான பொன்மணி. திருப்பாவையில் ஆய்ச்சியர் தயிர் கடையும்போது 'காசும் பிறப்பும்' கலகலப்பதும் கழுத்து நகைதான். வெண்பாவின் ஈற்றுச் சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அதில் கடைசி இரண்டும் ஒரே நகைப்பெட்டியிலிருந்து எடுத்தவை. ராஜராஜன் காலத் தஞ்சைக் கோயில் கல்வெட்டுகளில் காசு பொன் நாணயம். கடனாகக் கொடுத்த ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை என்று வருகிறது, நூற்றுக்கு பன்னிரண்டரை வட்டி. கம்பெனி காலத்தில் அதே சொல் இருப்பதிலேயே சிறிய செம்புத் துண்டுக்கு இறங்கிவிட்டது. யாழ்ப்பாணத்தில் இன்றைக்கு எத்தனை லட்சமானாலும் காசுதான். மணி, பொன், செம்பு, பிறகு பணம் முழுவதும். கேஷைவிட நீண்ட பயணம் இது.

கேஷின் பொருள் அதன் பிறகும் நகர்ந்தது. 1797இல் இங்கிலாந்து வங்கி தன் நோட்டுகளுக்குத் தங்கம் கொடுப்பதை நிறுத்தியபோது அதைக் 'கேஷ் கொடுப்பனவு நிறுத்தம்' என்றார்கள். 1821இல்தான் மறுபடி முழுமையாகத் தொடங்கியது. அப்போது கேஷ் என்றால் தங்கம், வெள்ளி நாணயம். காகித நோட்டு அதன் எதிர்ப்பக்கம். இன்று காகித நோட்டுதான் கேஷ், எதிர்ப்பக்கத்தில் கார்டும் யூபிஐயும். இடையில் கணக்கியல் வேறு வழியில் போய்விட்டது. நிதியறிக்கை விதிகளில் கேஷ் என்றால் கையிருப்போடு, கேட்டவுடன் எடுக்கக்கூடிய வங்கி இருப்பும் சேர்த்தி. வருமான வரிச் சட்டமோ 2017 முதல் ஒருவரிடம் ஒரே நாளில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ கேஷாக வாங்கக்கூடாது என்னும்போது வங்கி இருப்பைச் சொல்லவில்லை. ஒரே ஆடிட்டர் ஒரே காலையில் இரண்டு பொருளிலும் பேசுவார்.

மொழிபெயர்ப்பில் தவறு நடப்பது இங்கேதான். எல்லா கேஷையும் 'ரொக்கம்' என்று போட்டுவிடுகிறார்கள். நோட்டாகக் கொடுப்பது என்றால் ரொக்கம் சரி. நிதியறிக்கையின் கேஷ் ஃப்ளோவை 'ரொக்கப் பாய்வு' என்றால் வங்கி வழியாகப் போன தொகை விடுபட்டது போல ஒலிக்கும். அங்கே பணப் பாய்வு. கேஷ் கிராப் என்பது சந்தைக்கு விற்கப் பயிரிடுவது, பணப்பயிர் என்று சரியாகவே அமைந்துவிட்டது. கடைக்காரர்கள் 'சிசி' என்று சொல்லும் கேஷ் கிரெடிட்டைத் தமிழாக்காமல் விடுவதே நல்லது. 1728இல் ஸ்காட்லாந்து ராயல் வங்கி தொடங்கிய ஏற்பாடு அது: கணக்கில் இருப்பதைவிட அதிகமாக எடுத்துக்கொள்ள வாடிக்கையாளருக்கு அனுமதி. பெட்டியில் இல்லாததை எடுக்க முடியாது என்ற பச்சோலி விதியைத் தாண்டுவதற்கென்றே வந்த கணக்குக்குப் பெட்டியின் பெயர்.

கடைசியாக, ஓசையை நம்பி ஏமாறும் இன்னும் இரண்டு. பெட்டியடியில் உட்காரும் கேஷியர் இந்த வீட்டு ஆள்தான். ஆனால் ராணுவத்தில் அதிகாரியை அவமானப்படுத்திப் பதவி நீக்குவதற்கும் ஆங்கிலத்தில் 'கேஷியர்' என்றொரு வினை உண்டு. அது 'உடை, செல்லாமல் ஆக்கு' என்ற பொருளில் டச்சு வழியாக வந்த வேறு சொல். முந்திரியின் ஆங்கிலப் பெயரான கேஷு, பிரேசிலின் துப்பி மக்கள் 'அக்காஜு' என்றதைப் போர்த்துகீசியர் 'காஜு' என்று சுருக்கியது. பண்ருட்டியில் அதற்கு எவ்வளவு காசு கொடுத்தாலும் உறவு கிடையாது.